இருபத்துமூன்றாம் இலக்க முத்திரை

19 ஒக்டோபர் 1998, திங்கள்

மழை. காலையிலிருந்து ஒரே சீராக. பின்னறை யன்னல் இன்னும் பூட்டுப்படவில்லை. திருத்த கவுன்சிலில் இருந்து ஆள் வருவதாகச் சொல்லி மூன்று கிழமை. பழைய துவாயை அடைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்தி எழுதி வைக்கிறேன். நான் யாருடைய பெயரையும் குடிவரவு பார்க்கும் ஹோம் ஒஃபிசுக்குக் கொடுக்கவில்லை. விசா இல்லாத பெண்களின் பட்டியல் எதையும் ஒருவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. நேற்றுப் பூசை முடிந்து படியிறங்கும்போது இப்படி ஒரு கதை என் முதுகுக்குப் பின்னால் போனது. என்னிடம் நேரே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதபடியால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். கடந்த வியாழன் பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். சாதாரண உடுப்பு. ஆனால் ஒட்ட வெட்டிய தலைமயிரும் சப்பாத்தின் மினுக்கமும் ஆள் இராணுவம் என்று சொல்லிவிட்டன. எதிர்வீட்டுத் திரேசம்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். ஞாயிறு காலைக்குள் "ஆமி வந்து போனது" என்று கதை. ஊரில் போரைக் கண்டு வந்த எங்கள் ஆட்களின் கணக்கில் ஆமி ஒரு வீட்டுக்குள் போனால் இரண்டே காரணம். பிடிக்க வந்தது, அல்லது அந்த வீட்டில் காட்டிக்கொடுக்கிற ஆள் இருக்கிறது. என்னைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஆகவே.

வந்தவர் சார்ஜன்ட் பிரைஸ். இங்கத்தைய ஆமியில் களஞ்சியப் பகுதி. வந்த காரணம் என் பழைய வேலை.

84 முதல் 93 ஜூன் வரை நான் கொம்பனியில் பரிசோதகர். ஆமிக்கு லைஃப் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம். பரிசோதகர் மூவர், ஆளுக்கொரு இலக்க முத்திரை. என்னுடையது 23. ஜாக்கெட்டின் கழுத்துக்குப் பின்னால் ஒரு தூக்குப் பட்டி உண்டு. தண்ணீரில் விழுந்தவனை அதில் பிடித்துத்தான் படகுக்குள் தூக்குவார்கள். அந்தப் பட்டியின் தையலை எண்ணி, இழுவை மெசினில் போட்டு இழுத்துப் பார்த்து, சரியென்றால் மட்டும் முத்திரை.

சார்ஜன்ட் ஒரு கடதாசிப் பையிலிருந்து அப்படி ஒரு பட்டியை எடுத்து மேசையில் வைத்தார். கையால்தான் இழுத்தாராம். கையோடு வந்துவிட்டதாம். அதோடு ஒட்டியிருந்த லேபலில் 1996. முத்திரை 23.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். 23தான்.

அவர் தன் மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவித்திருக்கிறார். அதிகாரி கொம்பனியைக் கேட்க, கொம்பனியின் பதில்: எங்கள் பரிசோதகர் மிசிஸ் சவரிமுத்துவின் (நான்தான்) முத்திரை இருக்கிறது, பொருள் சரி. அடுத்த கிழமை சார்ஜன்டைக் களஞ்சியத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். ஆமிப் பொருளை அனுமதியில்லாமல் சேதப்படுத்தினார், வெளியே கொண்டுபோனார் என்று இப்போது குற்றம் அவர்மேல். விசாரணை நவம்பர் 12. பழைய பரிசோதனை அட்டையில் என் கையெழுத்தைக் கண்டு, ரெலிபோன் புத்தகத்தில் என் பெயரைத் தேடி வந்திருக்கிறார்.

அவர் கேட்டது ஒரே ஒரு பக்கம். நான் 93இல் வேலையை விட்டேன், 96இல் அந்த முத்திரை என்னிடம் இல்லை என்று கையெழுத்திட்ட வாக்குமூலம்.

"முத்திரையைத் திருப்பிக் கொடுத்தீர்களா, மேடம்?" என்றார்.

"கையளித்துவிட்டேன்," என்றேன்.

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

20 ஒக்டோபர், செவ்வாய்

மழை விட்டது. முழங்கால் விடவில்லை.

செபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குப் போகும். முந்தின வீட்டார் தூக்கிவர, மற்றவர்கள் பின்னால் வந்து, செபமாலை சொல்லித் தேத்தண்ணி குடித்துப் போவார்கள். என் முறை வியாழன். பட்டியலை செப்ரெம்பரில் எழுதி ஒட்டியதே நான்தான். எழுத்து ஒழுங்காக இருக்கும் என்று என்னிடம்தான் தருவார்கள்.

செய்ய வேண்டியவை:
– வெள்ளை மேசைவிரிப்பு. இஸ்திரி.
– கதிரை போதாது. பக்கத்து வீட்டு மிசிஸ் டாலியிடம் நாலு.
– மெழுகுதிரி 2.
– றோல்ஸ் 30. மீன். உறைப்புக் குறைய.
– வெள்ளைச் செவ்வந்தி, கிறீன் ஸ்றீற்றில் இருந்தால்.
– யன்னல் துவாயை எடுத்து ஒளிக்க.

அந்தப் பட்டி கண்ணை விட்டுப் போகவில்லை. அங்குலத்துக்கு எட்டுத் தையல் வேண்டும். ஐந்துதான் எண்ணினேன். சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்குப் போட வேண்டும். குறுக்கே இல்லை. எங்கள் கொன்வென்றில் கைக்குட்டை விளிம்பை இப்படித் தைத்திருந்தால் மதர் பிரித்து மடியில் போட்டிருப்பார். இது கைக்குட்டை அல்ல.

22 ஒக்டோபர், வியாழன்

ஆறு மணிக்கு மெழுகுதிரி ஏற்றினேன். ஆறரை. ஆறே முக்கால்.

ஏழுக்கு முன்னறை யன்னலால் பார்த்தேன். எதிர்ப்பக்க நடைபாதையில் அவர்கள். முன்னால் திரேசம்மா, கையில் சுரூபம். பதினாறு பேர். என் வாசலுக்கு நேரே வந்தபோது யாரும் திரும்பவில்லை. கடைசியாக வந்த எங்கள் உறவுப் பெண் ஜெசிந்தா மட்டும் என் வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். மூன்றாம் வீட்டுக்குள் போனார்கள். பட்டியலில் அது சனிக்கிழமை வீடு.

தனியே செபமாலை சொன்னேன். முன்பாதியும் நானே, பின்பாதியும் நானே. ஐந்து தேவ இரகசியம் முடியத் தொண்டை வறண்டுவிட்டது.

றோல்ஸ்: 2 சாப்பிட்டது. 28 ஃபிரீசரில்.

கதிரைகளைத் திருப்பிக் கொண்டுபோனபோது மிசிஸ் டாலி, விருந்து நல்லாக நடந்ததா என்று கேட்டார். மிக நன்றாக, நன்றி, என்றேன்.

23 ஒக்டோபர், வெள்ளி

காற்று. குடை ஒரு கம்பி முறிந்தது.

கிறீன் ஸ்றீற் கடையில் முருங்கைக்காய் தெரிவு செய்துகொண்டு நிற்கும்போது திரேசம்மா. ஒதுங்கிப் போக இடமில்லை, இருவருக்கும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"நேற்று என்ரை வீட்டுக்கு மாதா வரேல்லை, திரேசம்மா. பட்டியலிலை நாள் பிழையோ?"

"நாள் பிழையில்லை, ரீச்சர். சனத்துக்குப் பயம்."

(நான் எங்கும் படிப்பித்தவள் அல்ல. அவர் வைத்த பட்டம்.)

"என்ன பயம்?"

"ஆமிக்காரன் வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவனாம்."

"ஓம். சீனி இல்லாமல்."

"பகிடி விடாதேங்கோ. அந்தக் கொம்பனியிலை எங்கடை பொம்பிளையள் இருபத்திரண்டு பேர். ஆறு பேருக்குக் கடதாசி இல்லை. தெரியும்தானே?"

"எனக்குத் தெரியாது. நீங்கள் இப்ப சொல்லித்தான் தெரியும். அதுவும் கடையிலை, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

அப்போதுதான் அவருக்கு முகம் மாறியது. ஆனாலும் விடவில்லை. "ஊரிலை ஆமிக்கு ஆளைக் காட்டிக்குடுத்த தலையாட்டி தலைக்குச் சாக்கு மூடிக்கொண்டு நிண்டவன். முகத்துக்கு வெட்கம் எண்டாவது இருந்தது. இஞ்சை சாக்கும் தேவையில்லைப் போல."

காசாளர்ப் பெண் பையைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாக்கு எனக்குப் பொருந்தாது, திரேசம்மா. நான் சொல்லுறதுக்குக் கீழை பெயர் போடுறனான்," என்றேன்.

நல்ல பதில் என்று வரும் வழியெல்லாம் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முருங்கைக்காயைக் கடையிலேயே விட்டிருக்கிறேன்.

25 ஒக்டோபர், ஞாயிறு

குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியது. மேலதிகமாகக் கிடைத்த அந்த ஒரு மணித்தியாலம் யாருக்கு வேண்டும்.

பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. என் வாங்கில் நான் மட்டும். முன் வாங்குக்காரர் அரைவாசி திரும்பித் தலையை ஆட்டினார்.

ரொறொன்ரோவிலிருந்து அன்ரன். மகன் ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுப்பான், பதினைந்து நிமிடம். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, உங்களுக்கு எழுபது. ஏன் இந்த வேலை?"

"என்ரை இலக்கம், அன்ரன்."

"இலக்கம் என்ன, நம்பர்தானே. தெரியாது எண்டு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு இஞ்சை வாங்கோ."

"தெரியும்."

அவன் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பைப் பற்றிச் சொன்னான்.

இன்று எழுதிவிடுகிறேன். முத்திரையை நான் ஒஃபிசில் கொடுக்கவில்லை. ஜெசிந்தாவிடம் கொடுத்தேன்.

93 ஜூன், கடைசி நாள். மனேஜர் கேக் வெட்டப் போகிறார், பேசப் போகிறார் என்று தெரியும். ஒன்பது வருடம் என் பெயரை முழுதாக ஒருநாள் சொல்லாத மனிதர். "மிசிஸ் சவ்வி" என்பார். அந்த வாயால் ஒரு பிரியாவிடைப் பேச்சைக் கேட்க என்னால் ஏலாது. மத்தியானம் மேற்சட்டையைப் போட்டேன். முத்திரையை ஓர் உறையில் வைத்து ஒட்டி, ஒஃபிசில் கொடுத்துவிடு என்று ஜெ.யிடம் நீட்டினேன். பக்கக் கதவால் வெளியே போனேன். ஒன்பது வருடத்தில் கையொப்பம் வாங்காமல் ஒரு கட்டு நான் கைமாற்றியதில்லை. அன்று ஒரு துண்டு எழுதி வாங்கவில்லை. காரணம் அவசரம் அல்ல. பெருமை.

ஜெ. என் கணவருடைய ஒன்றுவிட்ட தங்கையின் மகள். மன்னாரில் ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் நான். 91இல் இங்கே வந்தபோது கொம்பனியில் சேர்த்துவிட்டதும் நான்.

27 ஒக்டோபர், செவ்வாய்

வெயில், ஆனால் சூடு இல்லை.

நூலகத்துக்கு மேல்மாடியில் இலவசச் சட்ட ஆலோசனை. இரண்டு மணித்தியாலம் காத்திருப்பு. எனக்கு முன்னால் ஒரு வீட்டுக்காரரோடு சண்டை, ஒரு விவாகரத்து. வக்கீல் பெண்ணுக்கு முப்பது இருக்கும், குஜராத்தி. முழுதாகக் கேட்டார், இடையில் பேசவில்லை. அது எனக்குப் பிடித்தது.

அவர் சொன்னது:

இந்தக் கோடையில் ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறது. வேலையிடத்தில் நடக்கும் மோசடியையோ ஆபத்தையோ ஒருவர் உரிய இடத்தில் அறிவித்தால், அதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கவோ வருத்தவோ கூடாது.

நல்லது என்றேன். இன்னும் இருக்கிறது என்றார். சட்டம் அடுத்த வருடம்தான் நடைமுறைக்கு வரும், திகதி தெரியாது. வந்த பிறகும் ஆயுதப் படையில் இருப்பவர்களுக்கு அது இல்லை.

திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதையே சொன்னார்.

"தைக்கிற பெண்ணுக்கு உண்டு?"

"அடுத்த வருடம், உண்டு."

"அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறவனுக்கு?"

"இல்லை, மிசிஸ் சவரிமுத்து."

சார்ஜன்டுக்கு இருக்கும் வழி, தன் கட்டளை அதிகாரியிடம் முறையிடுவது. அவர் கேட்காவிட்டால் அவருக்கும் மேலே. குற்றப்பத்திரம் வந்ததே அந்தக் கட்டளை அதிகாரியின் மேசையிலிருந்துதான்.

எனக்கு? நான் இப்போது யாரிடமும் வேலை செய்யவில்லை, ஆகவே என்னிடமிருந்து பறிக்க எதுவும் இல்லை என்றார். அன்பாகத்தான் சொன்னார். மேசைவிரிப்பும் இரண்டு மெழுகுதிரியும் நினைவுக்கு வந்தன.

பிறகு முக்கியமானது. என் வாக்குமூலத்தில் முத்திரையை யாரிடம் கொடுத்தேன் என்று பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிழவி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள் என்று கொம்பனி சொல்லும். சார்ஜன்டின் பக்கம் அதோடு விழுந்துவிடும்.

இவ்வளவையும் எழுதித் தாருங்கள் என்றேன். சிரித்துவிட்டு எழுதித் தந்தார். கையெழுத்தும் திகதியும் போட்டார்.

28 ஒக்டோபர், புதன்

ஒருவரும் வரவில்லை. ஒருவரோடும் பேசவில்லை. பேசியது: பால் விடும் மனிதரிடம் "ஒன்று போதும்."

29 ஒக்டோபர், வியாழன்

ஜெ.யைக் கண்டேன். கொம்பனி வாசலுக்குப் போகவில்லை. பஸ் தரிப்பில் நின்றேன். நாலரைக்குப் பெண்கள் வந்தார்கள். என்னைக் கண்டதும் அடுத்த தரிப்புக்கு நடந்துவிட்டார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"மாமி, குளிருக்கை ஏன் நிக்கிறியள்?"

"நான் தந்த உறையை ஆரிட்டைக் குடுத்தனி?"

அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள். "அடுத்த நாளே மனேஜரிட்டைக் குடுத்தனான். ஆணையா, மாமி."

"பிறகு?"

"ஒரு கிழமையாலை என்னைக் கூப்பிட்டுத் திருப்பித் தந்தவர். இனி நீதான் இருபத்துமூண்டு எண்டார். அரை மணித்தியாலம் முந்திப் போகலாம், தையல் மெசினிலை இருக்கத் தேவையில்லை எண்டார்."

"உனக்கு ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் இல்லை."

"இழுத்துப் பாத்தனியோ?"

"மெசின் உடைஞ்சு ரெண்டு வருசம். திருத்தேல்லை."

"தையலாவது எண்ணினனியோ?"

அவள் பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

"எண்ணாமல் குத்தினனியோ, ஜெசிந்தா?"

"ஓம் குத்தினனான்! ஒரு நாளைக்கு இருநூறு வந்து குவியுது. எண்ணிக்கொண்டிருந்தால் வாசலாலை போ எண்டுவான். நீங்கள் கேக்குக்கும் நிக்காமல் போயிட்டியள். நான் போக ஏலாது."

அவள் சொன்னது சரி.

ஒரு பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. சார்ஜன்ட் கேட்ட வாக்குமூலத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கொஞ்சம் அடங்கிய குரலில்: "இதாலை அந்த ஒப்பந்தம் போகும். இருபத்திரண்டு பேரும் றோட்டிலை. ஆரோ ஒரு வெள்ளைக்கார ஆமிக்காரனுக்காக. ஆமிக்காரனுக்காக, மாமி!"

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், யூட். 90இல் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன படகில் இருவரும். அலையில் விழுந்தவனைச் சட்டையில் பிடித்து இழுத்தார்கள். சட்டை கிழிந்து கையில் வந்தது. இங்கே வந்த புதிதில் என் குசினியில் இருந்து ஒருமுறை சொன்னாள். மறுபடி சொன்னதில்லை.

அதை நான் இன்று சொல்லவில்லை. வாய் வரை வந்தது. ஒரு தாயில்லாப் பிள்ளையிடம் எடுக்கக்கூடிய ஆயுதம் அல்ல அது. ஆனால் நான் எதைச் சொல்லாமல் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் நடந்து வந்தேன். முழங்காலுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல்.

2 நவம்பர், திங்கள்

இறந்தோர் நினைவு நாள். காலைப் பூசை. கணவருக்கு ஒரு திரி, யூட்டுக்கு ஒன்று. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தார்கள்.

தபால்: எரிவாயு பில், சார்ஜன்ட் பிரைஸின் கடிதம். கையால் எழுதியது, நேர்கோட்டில். என் பெயரில் எழுத்துப் பிழை இல்லை.

வாக்குமூலம் 11க்கு முன் கிடைக்க வேண்டும். நான் விரும்பாவிட்டால் வற்புறுத்த மாட்டார், விளங்கிக்கொள்வார். கீழே, வேறு பேனையால், பிறகு சேர்த்தது போல: அவரை விலக்கினால் ஆமி கொடுத்த வீட்டையும் விட வேண்டும், மனைவி பெட்டிகளை இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டார். அதைவிட அவருக்குப் பெரிய கவலை, அதே தொகுதி ஜாக்கெட்டுகள் இன்னும் களஞ்சியத் தட்டில் இருக்கின்றன. எடுக்க வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இப்போது அவரிடம் இல்லை.

இந்த மனிதருக்கு எந்தச் சட்டமும் இல்லை. இருந்தும் சொன்னார். சட்டம் கிடைக்கப்போகிற ஜெ. பேசாமல் இருக்கிறாள். எனக்குச் சட்டமும் வேண்டியதில்லை, நானும் பதினெட்டு நாளாக ஒரு பக்கம் எழுதவில்லை.

4 நவம்பர், புதன்

கவுன்சில்காரர் வந்தார்! யன்னலைப் பார்த்தார். வேறு ஆள் வர வேண்டும் என்று சொல்லிப் போனார்.

ரைப்ரைட்டரை அலுமாரியிலிருந்து இறக்கினேன். ரிபன் காய்ந்திருந்தது, ஆனாலும் அடிக்கும். மூன்று பிரதி, காபன் வைத்து.

1. நான் யார், எவ்வளவு காலம் வேலை.
2. சோதிக்கும் முறை. எட்டுத் தையல். சதுரமும் குறுக்கும். இழுவை.
3. வேலையை விட்ட நாள்.
4. முத்திரையை விதிப்படி ஒஃபிசில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கவில்லை. பிழை என்னுடையது.
5. ஒட்டிய உறையில் அதை நான் கொடுத்தது ............ என்பவரிடம்.

ஐந்தாவதில் புள்ளிகளோடு நிறுத்தினேன். மெசினை மூடவில்லை.

5 நவம்பர், வியாழன்

இருட்டுமுன்னரே வெடி. நவம்பர் ஐந்து என்றால் வருடா வருடம் இந்த ஊர் வாணவெடி கொளுத்துகிறது. வருடா வருடம் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடுகிறது.

ஐந்தரைக்குக் கதவு மணி. இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். யாரென்று தெரியவில்லை. கொம்பனி உடுப்பில் நூல் ஒட்டியிருந்தது. சுமதி என்றாள். வெளியே ஒரு வெடி. இருவரும் ஒன்றாகத் துள்ளினோம். உள்ளே வரச் சொன்னேன்.

இருக்கவில்லை. "அன்ரி, ஒண்டு கேக்கலாமோ? என்ரை பேரும் குடுத்தனீங்களோ?"

மூன்று கிழமையில் நேரே வந்து கேட்ட முதல் ஆள்.

"இல்லை, பிள்ளை. உன்ரை பேர் எனக்கு இப்பதான் தெரியும்."

"எல்லாரும் சொல்லுகினம்..."

"நான் சொல்லேல்லை."

அவள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, மிகவும் மரியாதையாக: "எழுதித் தருவியளோ?"

கோபம் வரவில்லை. எழுதினேன். இந்தப் பெண்ணைப் பற்றியோ அவளோடு வேலை செய்யும் எவரது விசாவைப் பற்றியோ நான் யாருக்கும் எதுவும் அறிவிக்கவில்லை, அறிவிக்கப் போவதும் இல்லை. பிலோமினா சவரிமுத்து. திகதி. இரண்டு தரம் வாசித்து நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.

றோல்ஸ் எட்டைச் சுட வைத்தேன். நாலு சாப்பிட்டாள். சாப்பிடும்போது தானாகவே சொன்னாள்: "ஜெசிந்தாக்கா மூண்டு நாளா முத்திரை குத்தேல்லை, அன்ரி. கட்டுகளைப் பக்கத்திலை அடுக்கி வைச்சிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறா. மனேஜர் கத்துறார். ஒண்டும் பேசாமல் எண்ணுறா."

மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தேன். போன பிறகு அவள் இருந்த கதிரையைத் தள்ளி வைக்கவில்லை.

6 நவம்பர், வெள்ளி

பனிமூட்டம். எதிர்வீடு தெரியவில்லை. நல்லது.

ஜெ.க்குக் கடிதம். நானே அவள் வீட்டுக் கதவால் போட்டுவிட்டு வருவேன். பிரதி இங்கே:

ஜெசிந்தா,

எண்ணுகிறாய் என்று கேள்விப்பட்டேன். அங்குலத்துக்கு எட்டு. குறைந்தால் ஒதுக்கிவை. யார் கத்தினாலும்.

என் வாக்குமூலம் திங்கள் காலை பத்து மணித் தபாலுக்குப் போகும். முத்திரையை நான் கொடுத்தது உன்னிடம் என்று அதில் இருக்கும். பற்றுச்சீட்டு வாங்காத பிழை என்னுடையது என்று அதற்கு முதலே இருக்கும். அடுத்த நாளே மனேஜரிடம் கொடுத்தாய் என்று நீ சொன்னதை நான் எழுத ஏலாது, நான் காணவில்லை. அதை எழுதக்கூடியவள் நீ ஒருத்திதான். அவர் திருப்பித் தந்ததையும், மெசின் உடைந்ததையும்.

உனக்கு ஒரு சட்டம் வருகிறது. இன்னும் வரவில்லை. வந்துவிட்டது என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். வக்கீல் எழுதித் தந்ததை இதோடு வைத்திருக்கிறேன், நீயே வாசி. அந்தச் சார்ஜன்டுக்கு இன்றும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. வேலை போனால் என் பின்னறை இருக்கிறது. யன்னல் பூட்டுப்படாது.

மன்னாரில் உன் ஞானஸ்நானத்தில் குருவானவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் உனக்காக நான் பதில் சொன்னேன். உனக்கு நாற்பது நாள் வயது. இந்தக் கேள்விக்கு நான் சொல்ல ஏலாது.

என்னோடு சேர்ந்து கையெழுத்து வைப்பாயா, இல்லையா? ரெலிபோன் வேண்டாம். ஆள் மூலமும் சொல்லியனுப்ப வேண்டாம். ஞாயிறு மாலைக்குள் எழுத்தில் பதில் தா.